பூட்டிய கேட்டுக்கு உள்ளே

அந்த நோட்டீஸைச் சத்தமாக வாசித்துக் காட்டியவள் நான்தான். 2004 கோடை. விக்கிரமசிங்கபுரத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சித்தியின் மடியில் முறம், முறத்தில் பீடி இலையும் தூளும். கை நிற்காமல் சுற்றிக்கொண்டே, "நீதான் காலேஜ்ல படிக்கியே, என்ன போட்டிருக்குனு சொல்லு" என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. மூன்று வருட வேலை, தங்க இடம், சாப்பாடு. மூன்று வருடமும் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000 ரூபாய். கடைசியில் கொட்டை எழுத்தில் 'முழுப் பாதுகாப்பு'. சித்தி அந்த இடத்தை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். "ஹாஸ்டல் மில்லுக்குள்ளயே இருக்காம் சித்தி. கேட் எப்பவும் பூட்டித்தான் கெடக்குமாம். பயமில்ல" என்று நான் சொந்தமாக ஒரு வரியைச் சேர்த்தேன்.

சித்தி மகளுக்கு அப்போது 17 வயது. அடுத்த வாரம் வேனில் ஏறிப் போனாள். எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆறு பிள்ளைகள்.

வி.கே.புரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களிலேயே நூற்பாலை கட்டிய ஊர் இது. ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்குச் சோறு பொங்கியவர்கள் எங்கள் ஆச்சிமார். எங்கள் தெருவில் ஆலைக்குப் போனவர்கள் ஆண்கள், வீட்டில் பீடி சுற்றியவர்கள் பெண்கள். பஞ்சும் நூலும் நான்கு தலைமுறையாகப் பழகிய ஊரிலிருந்து, அதே பஞ்சு வேலைக்குப் பெண்பிள்ளைகளை 400 கிலோமீட்டர் அனுப்பினோம். அது அப்போது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

அவள் இரண்டு வருடம் ஏழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். மூன்று வருடம் முடிக்கவில்லை என்பதால் மொத்தப் பணம் கிடையாது. ஏன் வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றாள். அதுவும் பொய்யில்லை, இருமல் அவளை விடாமல் பிடித்திருந்தது. வெகுநாள் கழித்து, ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள். "நீங்க கேட் பூட்டியிருக்கும்னு சொன்னியள்ளாக்கா. வெளிய உள்ளவனுக்குத்தான் அந்தப் பூட்டு. உள்ள இருக்கவனுக்கு ஏது பூட்டு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் மறுபடி வாசித்த சில பிரதிகளைப் பற்றியது. பிழைக்கப் போன பெண்ணைத் தமிழ் இலக்கியம் எப்படி எழுதியிருக்கிறது? அவளைப் பாதுகாப்பது என்றால் என்னவென்று அது நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது?

நோட்டீஸ் வாசித்த அதே வருடம் எம்.ஏ. வகுப்பில் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' எனக்குப் பாடம். பாரதி எங்கள் பக்கத்துக் கடையத்துக்கு மருமகன், அந்த உரிமையோடுதான் அவரைப் படிப்போம். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெண்களுக்காக அழுகிற பாட்டு. தேர்வில் நான் அதன் கருணையைப் பற்றி மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தப் பெண்கள் அழுகிறார்கள், ஏங்குகிறார்கள், சாகிறார்கள். அவர்களின் அழுகையைச் சுமந்து வந்தாயா என்று கவிஞர் காற்றைக் கேட்கிறார். முடிவில் காளியைக் கூப்பிடுகிறார். ஒருத்திக்கும் பெயர் இல்லை. ஒருத்தியும் பேசவில்லை.

பேசிய ஒருத்தி இருந்தாள். 1913இல் பிஜியின் ரேவா பகுதியில் குந்தி என்ற ஒப்பந்தத் தொழிலாளியை வெள்ளைக்கார ஓவர்சியர் பலவந்தப்படுத்த முயன்றான். அவள் உதறிக்கொண்டு ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவளுடைய வாக்குமூலம் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' இதழில் வெளிவந்தது. நாடெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டிய கிளர்ச்சிக்கு அது ஒரு பெரிய உந்துதல். ஆனால் தேசியவாதிகள் அவளை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கற்பைக் காக்க ஆற்றில் குதித்த பாரதப் பெண்ணாக. அவள் சொன்னவற்றில் என்னை உலுக்கியது வேறு ஒரு விவரம். சம்பவத்தன்று அவளை மற்றப் பெண்களிடமிருந்து பிரித்து, ஒதுக்குப்புறமான வாழைத் தோட்டத்தில் தனியாகக் களை எடுக்க அனுப்பியிருந்தார்கள். அதுதான் அந்த வன்முறையின் முதல் படி. அவளுடைய கற்பைப் பாடியவர்கள், அவளைத் தனியாக்கிய வேலை ஒழுங்கைப் பேசவில்லை.

என் தங்கைக்கும் அதேதான் நடந்தது. ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுவது அவள் வேலை. ஊரிலிருந்து போன ஆறு பேரும் ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து மிஷினில். சூப்பர்வைசர் முதலில் செய்தது, அவளை மட்டும் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றியது. அறையில் அவள் தூங்கும்போது மற்றவர்கள் வேலையில், அவர்கள் தூங்கும்போது இவள் வேலையில். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது வார்டன் பக்கத்தில் நின்றாள். பிறகு கழிவுப் பஞ்சுக் குடோனுக்குப் போய் எடை பார்த்து வரச் சொன்னான். "தனியா நின்னாத்தாங்க்கா அவனுக்குத் தைரியம் வரும்" என்றாள். வாழைத் தோட்டத்துக்கும் பஞ்சுக் குடோனுக்கும் நடுவே ஏறக்குறைய 90 வருடம்.

பிஜியைத் தாண்டி இலங்கைக்கு வருவோம். திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி' இந்த வரிசையில் பெரிய பாய்ச்சல். மருதிக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சாதி இருக்கிறது. அவள் வீட்டை விட்டுப் போனது கங்காணியின் ஆசை வார்த்தையால் மட்டும் இல்லை. பண்ணையும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த ஊர் அவளுக்கு வேறு வழி விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அவள் உடம்பைத் தனக்குப் பாத்தியப்பட்டதாக நினைக்கும் அதிகாரமும், அது அவளுக்குத் தந்த நோயும் பூசி மெழுகாமல் வருகின்றன. வன்முறை கப்பலேறிய பிறகு தொடங்குவதில்லை என்று தமிழில் அவ்வளவு முன்னதாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மருதியின் மகள் வெள்ளைச்சியின் தலைமுறைக்கும் அதே ஆபத்து வருகிறது என்று காட்டியது இன்னும் பெரிய காரியம்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உண்டு, புதுமைப்பித்தனை நேசிக்கிற ஊர்க்காரியாகவே சொல்கிறேன். லயத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்தக் கதையில் எனக்குப் போதவில்லை. ஒரே கொழுந்துக்கூடையைச் சுமந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு யாரிடம் தனியாகப் போகக்கூடாது என்று தெரியாமலா இருந்திருக்கும்? என் தங்கை போன ஹாஸ்டலில் முதல் வாரமே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். மருதிக்கு யாரும் சொல்லிக் கொடுத்தார்களா என்று கதை நமக்குக் காட்ட மெனக்கெடவில்லை. அவளுடைய சிதைந்த உடம்பு நம்மைக் குற்றம் சாட்டுகிறது. அவள் வாய் அதைவிடக் குறைவாகவே பேசுகிறது.

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'ரெட் டீ'. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. இதிலும் புறப்படுவது திருநெல்வேலிச் சீமை. கருப்பனும் வள்ளியும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைக்குப் போகிறார்கள். முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படி வளர்கிறது என்று டேனியல் கணக்கோடு சொல்கிறார். துரைமார் தோட்டத்துப் பெண்களைத் தங்கள் சொத்தாக நடத்தியதையும் எழுதுகிறார். டேனியல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவரும்கூட. அதனால்தானோ என்னவோ, வள்ளி அங்கே கூலிக்காரி. கருப்பனோடு மலை ஏறி, அவளும் உழைக்கிறாள். நாவலை வாசித்து முடிக்கும்போது எனக்கு அவளுடைய கைகள்தான் ஞாபகம் இருந்தன.

இந்த நாவலை வைத்து பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மருத்துவரை மதம் பரப்புகிற கோமாளியாக ஆக்கியது டேனியலுக்குச் செய்த அநியாயம் என்று அப்போதே சொன்னார்கள், சரிதான். நான் பேச விரும்புவது நாயகியைப் பற்றி. நாவலில் மனைவி கணவனோடு மலைக்குப் போகிறாள். படத்தில் அங்கம்மா ஊரிலேயே நின்றுவிடுகிறாள். ராசா மட்டும் போகிறான். ஊரில் அவள் காத்திருக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், கடைசிக் காட்சியில் பிள்ளையோடு தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். அவளைக் கண்டு ராசா கதறுகிற கதறலோடு படம் முடிகிறது. தியேட்டரில் நானும் அழுதேன். பிறகு ஒருநாள் டி.வி.யில் போட்டபோது தங்கையும் நானும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இனிமேத்தான அவ கதையே ஆரம்பிக்கும். அதுக்குள்ள எந்திரிச்சிப் போங்கன்னுட்டானே" என்றாள்.

நான் அதுவரை வாசித்த எந்த விமர்சனமும் இதைச் சொன்னதில்லை. அங்கம்மா வேலைக்காரியாக ஆகும் நொடியில் படம் திரையை மூடிவிடுகிறது. அவளுக்கு நேரப்போகிற கொடுமை, ராசாவின் துக்கத்தின் உச்சமாகப் பயன்பட்டுவிட்டது. தோட்டத்தில் உண்மையில் உழைக்கிற பெண் படத்தில் இருக்கிறாள். கணவன் தப்பியோடிவிட, மகளோடு மாட்டிக்கொண்ட மரகதம். தன்ஷிகா அந்தப் பாத்திரத்தை அலட்டிக்கொள்ளாமல் செய்திருப்பார். தங்கைக்குப் பிடித்தது அவளைத்தான். மரகதத்தைச் சுற்றி ஒரு படம் எடுத்திருக்கலாம். ஆனால் நம் கண்ணீருக்கு ஒரு மனைவி தேவைப்படுகிறாள்.

மனைவி என்றதும் அந்த நோட்டீஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு தமிழ்ப் பிரதிதான். நான் மேலே சொன்ன எதையும்விட அதிகமான பெண்கள் வாசித்த பிரதி. 'சுமங்கலித் திட்டம்', 'மாங்கல்யத் திட்டம்' என்று பெயர்கள். 1961லேயே வரதட்சணை தடை செய்யப்பட்ட நாட்டில், வரதட்சணைக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பைக் கூலி என்று எழுதாமல் தாலி என்று எழுதினார்கள். கூலி என்றால் மாதாமாதம் கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம், பாதியில் போனால் அதுவரைக்குமானதை வாங்கலாம். தாலிக்குக் கணக்குப் பார்க்க முடியுமா? முழுதாக இருந்தால்தான் கிடைக்கும். நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியா கமிட்டியும் 2011இல் வெளியிட்ட அறிக்கை உலகத்துக்கு இதை எடுத்துச் சொன்னது. அதற்குப் பிறகு பெயரைப் பலர் கைவிட்டார்கள். ஹாஸ்டலும் பூட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பாரதியின் பாட்டுக்கும் இந்த நோட்டீஸுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன். வெளியூர் போன பெண் என்றால் கற்புக்கு ஆபத்து என்று நூறு வருடம் நமக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆலைக்காரர்கள் அந்தப் பயத்துக்கு நேராக ஒரு பூட்டைக் காட்டினார்கள். சித்தி பயந்தது கூலியைப் பற்றி இல்லை, தூசியைப் பற்றி இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது மகள் யார் கண்ணிலும் படாமல் இருப்பார் என்ற உறுதி. யார் கண்ணிலும் படாமல் இருப்பவளுக்கு என்ன நடந்தாலும் யார் கண்ணிலும் படாது என்று எனக்கும் தோன்றவில்லை. நானோ தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்.

சட்டமும் இதே வழியில்தான் யோசித்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு ராத்திரி வேலையைத் தடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை 2000இல் நீக்கி, போக்குவரத்து, கூட்டமாகப் பணியமர்த்துவது போன்ற நிபந்தனைகளை வைத்தது. 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று அரசு விதி போட்டது. போக வேண்டியவர்கள் சுற்றுலா விசாவில் போனார்கள், அங்கே அடிபட்டால் புகார் சொல்லும் வழியையும் இழந்தார்கள். புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு 2020இல் இயற்றிய தொகுப்பும் மாநில எல்லையைத் தாண்டியவரைத்தான் கணக்கில் எடுக்கின்றன. வி.கே.புரத்திலிருந்து அவிநாசிக்குப் போனவள் இந்தச் சட்டங்களின்படி புலம்பெயர்ந்தவளே அல்ல. ஒடிசாவிலிருந்து இப்போது அதே ஹாஸ்டல்களுக்கு வருகிற பெண்கள் அந்தக் கணக்கில் வரலாம். ஆனால் அவர்களுக்குப் புகார் சொல்லும் மொழி இல்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். 20 வயதைத் தாண்டியவுடனேயே முடிந்துபோன வாழ்க்கை. அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் ஹாஸ்டல்காரர் இல்லை, உள்ளூர்க்காரர். வீட்டிலிருந்து போய் வந்தவர். ஆகவே இது வெளியூர் போனதால் வந்த வினை என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அவர் உறுப்பினராக இருந்த, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. ஆசிய தரைமட்டக் கூலிக் கூட்டணியும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸும் கூடச் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம்மோடும் உடன்படிக்கை கையெழுத்தானது. திண்டுக்கல் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர்.

இலக்கிய மாணவியாக நான் அந்த உடன்படிக்கையையும் ஒரு பிரதியாகவே வாசித்தேன். அதில் கற்பு இல்லை. வார்டன் இல்லை. தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள், ஏறக்குறைய 25 பேருக்கு ஒருத்தி என்ற கணக்கில், வேலைத்தளத்திலேயே கண்காணிப்பவர்களாக இருப்பார்கள். பாலினத்தோடு சாதியையும் புலம்பெயர்ந்த நிலையையும் சேர்த்தே துன்புறுத்தல் என்று வரையறுக்கிறார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் துணி வாங்கும் கம்பெனியும் பொறுப்பு. எல்லாமும் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓர் உடன்படிக்கை ஒரு முதலாளியின் ஆலைகளுக்குத்தான். தமிழ்நாட்டில் ஆலைகள் எத்தனையோ. வாங்குகிற கம்பெனி நாளைக்கு ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றினால் இந்தக் காகிதம் என்னவாகும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் ஒருத்தியைத் தனியாக ஷிப்ட் மாற்றினால் அதைப் பார்க்க அதே வரிசையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பதை எழுத்தில் வைத்த பிரதி, நான் வாசித்தவரை, இதுதான். குந்தியின் வாழைத் தோட்டத்தைப் பற்றிக் கடைசியில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் மலைக்கு மேலேயே மாஞ்சோலை இருக்கிறது. கொழுந்து பறித்த பெண்கள் கூலி கேட்டுச் சிறைக்குப் போனதும், அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் 17 பேர் இறந்ததும் எங்களுக்குக் கேள்விப்பட்ட கதையில்லை. மருதியின் பேத்திமார் கேட்டார்கள் என்றுதான் எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். நோட்டீஸை வாசித்தபோது அந்த ஊர்வலம் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

தங்கையின் மகள் இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். திருப்பூருக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். சம்பாதித்து, பிறகு தபாலில் படிக்க வேண்டுமாம். சித்திக்கு இன்னும் அதே கேள்விதான்: ஹாஸ்டல் எப்படி, கேட் உண்டா? தங்கை அவளைப் பேசவிடாமல் போனை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். புரோக்கரிடம் அவள் கேட்டது இவ்வளவு: "எங்க ஊருப் பிள்ளையள் எத்தன பேரு வாராவ? எல்லாருக்கும் ஒரே ஷிப்டா? நடுவுல மாத்துனா யாருட்ட கேக்கணும்? போனு அவ கையிலயே இருக்குமா?" அந்தப் பக்கம் பதில் வர நேரமாயிற்று. "சங்கம் உண்டா அண்ணாச்சி?" என்றாள். லைன் கட்டாகிவிட்டது. அவள் மறுபடியும் நம்பரை அழுத்தினாள்.